கை இறுக்கத்துக்கு நரம்பு அறுவை சிகிச்சை: பத்து ஆண்டுகளுக்குப் பிறகு கை எப்படி இருக்கும்?

நிலா அப்பா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

என் மகள் நிலாவுக்கு 12 வயது. பிறந்த சமயத்தில் மூளையின் வலப்பக்கத்துக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டதால் அவளுக்கு இடப்பக்கப் பெருமூளை வாதம். நடக்கிறாள், ஓடுகிறாள், நன்றாகப் படிக்கிறாள். எங்கள் கவலையெல்லாம் இடக்கையைப் பற்றித்தான். உட்கார்ந்து ஏதாவது படித்துக்கொண்டிருந்தால் கை ஓரளவு தளர்ந்து மடியில் கிடக்கும். எழுந்து வேகமாக நடந்தாலோ, யாராவது திடீரென்று கூப்பிட்டாலோ முழங்கை மடங்கி, முஷ்டி மார்புக்கு ஏறிவிடும். மணிக்கட்டு உட்புறமாக வளைந்திருக்கிறது. கட்டைவிரல் உள்ளங்கைக்குள் ஒடுங்கிக் கிடக்கிறது.

சின்ன வயதிலிருந்தே போட்டாக்ஸ் ஊசி போட்டு வருகிறோம். மூன்று நான்கு மாதம் கை இளகும். அப்புறம் பழைய நிலைக்கே வந்துவிடும். ஊசி என்றாலே இப்போதெல்லாம் அவள் முதல் நாள் இரவே சாப்பிட மறுக்கிறாள்.

சமீபத்தில் பார்த்த கை அறுவை நிபுணர், நரம்பில் அறுவை சிகிச்சை செய்யலாம் என்கிறார். தசைக்குள் நுழையும் இடத்தில் நரம்பின் இயக்கக் கிளைகளைப் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை வெட்டிவிடுவது. முழங்கையை மடக்கும் தசைகளுக்கும், முன்கையைக் கவிழ்க்கும் தசைக்கும், மணிக்கட்டை மடக்கும் தசைகளுக்கும் ஒரே நாளில் செய்துவிடலாமாம். பலன் எத்தனை காலம் நிற்கும் என்று கேட்டேன். 'நீண்ட காலம்' என்றார். அந்த நீண்ட காலம் எவ்வளவு என்பது எனக்குத் தெரிய வேண்டும். இறுக்கம் திரும்ப வருமா? வெட்டிய நரம்பால் கை பலவீனமாகிவிடுமா? தொடுவுணர்வு போய்விடுமா? இதைச் செய்துகொண்டு பல ஆண்டுகள் ஆனவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.


வலக்கைக்காரி எழுதியது:

அண்ணா, வணக்கம். எனக்கு 31 வயது. எனக்கும் இடப்பக்கம்தான். நிலாவுக்குச் சொல்லியிருக்கும் அதே அறுவை சிகிச்சையை 17 வயதில் செய்துகொண்டேன். ஆக 14 ஆண்டுகள் ஆகின்றன. என் கை எனக்குச் சொன்னதை எழுதுகிறேன். நிலாவின் கை வேறு மாதிரி நடந்துகொள்ளலாம்.

'பலன் நின்றதா' என்று ஒட்டுமொத்தமாகக் கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது. முழங்கையில் நின்றது. முன்கையில் பாதி நின்றது. மணிக்கட்டில் நடந்த கதையே வேறு.

முழங்கையை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் என் வாழ்க்கையை மாற்றியது அதுதான். அதற்கு முன் நான் நடந்தால் இடக்கை மார்புக்கு ஏறி இருக்கும். நெரிசலில் என் முழங்கை அடுத்தவர் விலாவில் இடிக்கும். அவர்கள் திரும்பி முறைப்பார்கள். மடிப்புக்குள் வியர்வை தங்கித் தோல் புண்ணாகிவிடும். சட்டை போடுவதென்றால் இடக்கையை யாராவது பிடித்து நீட்டிக் கொடுக்க வேண்டும், பதினேழு வயதிலும் அம்மாதான் பிடிப்பாள். இன்றைக்கு வேகமாக நடக்கும்போது கை கொஞ்சம் மடங்குகிறது, உண்மைதான். ஆனால் இடுப்பளவில் நின்றுவிடுகிறது. குளிரிலும் காய்ச்சலிலும் கோபத்திலும் இன்னும் கொஞ்சம் ஏறும். மார்பு வரை மறுபடி போனதே இல்லை. சட்டையை நானே போட்டுக்கொள்கிறேன். இந்த ஒன்றுக்காக மட்டும் கேட்டாலும் நான் மறுபடி அந்த மேஜையில் படுப்பேன்.

பலவீனம் வந்தது. முதல் சில மாதங்கள் முன்கையில் ஒரு பையை மாட்டித் தூக்க முடியவில்லை. கை சும்மா கீழே இறங்கிவிட்டது. அம்மா பயந்துபோனாள். அது மெல்ல மெல்லத் திரும்பி, ஓராண்டுக்குள் பழைய பையையே மாட்டித் தூக்கினேன். முழங்கையை மடக்க மூன்று தசைகள் இருக்கின்றன. பைசெப்ஸ், அதற்கடியில் இருக்கும் பிரேக்கியாலிஸ் இரண்டுக்கும் ஒரே நரம்பிலிருந்து கிளைகள் போகின்றன. எனக்குக் குறைத்தது அவற்றைத்தான். மூன்றாவதான பிரேக்கியோரேடியாலிஸுக்கு வேறொரு நரம்பு. அதை அவர் தொடவில்லை. எல்லாவற்றையும் ஒரே அடியில் அடக்கிவிடக் கூடாது என்று அன்றைக்கே விளக்கினார்.

தொடுவுணர்வு போகவில்லை. தசைக்குள் நுழையும் தறுவாயில் பிரியும் கிளைகள் பெரும்பாலும் தசையை இயக்குவதற்கானவை, தோலுக்குப் போகும் இழைகள் அவற்றிலிருந்து முன்பே பிரிந்துவிடும். அவ்வளவு கீழே போய் வெட்டுவதற்கு அதுவே காரணம். உள்ளே மின்தூண்டல் கருவியால் ஒவ்வொரு கிளையையும் தொட்டு, எந்தத் தசை துடிக்கிறது என்று பார்த்துத்தான் வெட்டுவார்கள். அதனால் மயக்க மருந்தில் தசையைத் தளர்த்தும் மருந்தைத் தவிர்ப்பார்கள். எனக்கு முன்கையின் வெளிப்புறத்தில் சில வாரங்கள் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. பைசெப்ஸுக்குக் கிளை விடும் அதே நரம்புதான் கீழே இறங்கி அந்த இடத்துத் தோலுக்குப் போகிறது. அதை ஒதுக்கிப் பிடித்ததால் வந்த மதமதப்பு. தானாகவே போய்விட்டது. மேற்கையின் உட்பக்கம் ஒரு தழும்பு, முழங்கை மடிப்புக்குக் கீழே ஒன்று.

முன்கை. அறுவைக்கு முன் உள்ளங்கை எப்போதும் தரையைப் பார்த்தபடி இருக்கும். அறுவை முடிந்ததும் கட்டைவிரல் கூரையைப் பார்க்கும் அளவுக்குத் திருப்ப முடிந்தது. ஒரு டம்ளரைச் சிந்தாமல் பிடித்த சந்தோஷம் அப்போதுதான் கிடைத்தது. இரண்டு மூன்று ஆண்டுகளில் அதில் கொஞ்சம் போய்விட்டது. இன்றைக்கு முயன்றால் திருப்ப முடிகிறது, கவனம் சிதறினால் கவிழ்ந்துவிடுகிறது.

மணிக்கட்டில் இறுக்கம் குறைந்த பிறகுதான் ஒன்று தெரிந்தது: மணிக்கட்டைத் தூக்கி நிறுத்தும் தசைகளுக்கு என்னிடம் வலுவே இல்லை. முன்பு இறுகி வளைந்திருந்த மணிக்கட்டு, இப்போது தளர்ந்து தொங்கியது. பார்ப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இருபதுகளின் தொடக்கத்தில் தசைநாண் மாற்று அறுவை செய்தார்கள். மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாக மடக்கும் தசையின் நாணைக் கழற்றி, கையின் பின்புறமாகக் கொண்டுபோய், மணிக்கட்டைத் தூக்கும் நாணோடு தைப்பது. பெருமூளை வாதத்தில் பல பத்தாண்டுகளாகச் செய்துவரும் அறுவைதான். இப்போது மணிக்கட்டு நேராக நிற்கிறது.

இங்கே ஒரு விஷயத்தை நீங்கள் கட்டாயம் கேட்க வேண்டும், அண்ணா. என் முதல் அறுவையில் மணிக்கட்டின் ஒரு மடக்குத் தசைக்கு மட்டும் நரம்பைக் குறைத்துவிட்டு, சுண்டுவிரல் பக்கத் தசையை வேண்டுமென்றே விட்டுவைத்தார்கள். பின்னால் நாண் மாற்ற வேண்டி வந்தால் அது பயன்படும் என்ற கணக்கு. அதன் நரம்பையும் மூன்றில் இரண்டு பங்கு வெட்டியிருந்தால், இடம் மாற்றி வைக்க எனக்கு வலுவான தசையே மிஞ்சியிருக்காது. நிலாவுக்கு மணிக்கட்டில் எந்தெந்தத் தசை என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். 'மணிக்கட்டு மடக்கும் தசைகள்' என்று மொத்தமாகச் சொன்னால் விடாதீர்கள்.

அறுவை எனக்குத் தராததையும் சொல்கிறேன். என் இடக்கைக்கு ஒரு பொருளைத் தடவி அறியத் தெரியாது. பைக்குள் கை விட்டால் சாவிக்கும் பேனா மூடிக்கும் வித்தியாசம் தெரியாது. ஏதோ பட்டது என்று தெரியும், என்ன பட்டது என்று தெரியாது. அது மூளையின் வேலை. நரம்புக் கிளையை வெட்டி அதைச் சரிசெய்ய முடியாது. கண்ணால் பார்த்தால்தான் என் இடக்கை வேலை செய்யும். அதனால் அவசரத்தில் இன்றும் வலக்கையே முந்திக்கொள்கிறது. தளர்ந்த கை கிடைத்தது, இன்னொரு வலக்கை கிடைக்கவில்லை. இதை நிலாவுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. அறுவைக்குப் பிந்தைய மாதங்களில் நான் அழுததெல்லாம் வலியால் இல்லை.


மீனா (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) எழுதியது:

நிலா அப்பா, வணக்கம். கைக் குறைபாடுள்ள குழந்தைகளோடு பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். வலக்கைக்காரி தசை தசையாகப் பிரித்துச் சொன்னதுதான் சரியான முறை. நான் பின்னணியைக் கொஞ்சம் சொல்கிறேன்.

உங்கள் மகளின் கை மடங்கியிருப்பதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்கள் இருக்கலாம். ஒன்று, தசையை இழுத்ததும் எதிர்த்து இறுகும் அனிச்சைச் செயல். நரம்பைக் குறைத்தால் குறைவது இது மட்டும்தான். இன்னொன்று, தசையே நீளத்தில் குட்டையாகிவிடுவது. பெருமூளை வாதத்தில் மூளையின் காயம் வளர்வதில்லை, ஆனால் தசைகள் எலும்பின் வளர்ச்சிக்கு ஈடுகொடுத்து வளர்வதில்லை. தசையின் வளர்ச்சிக்கும் பழுதுபார்ப்புக்கும் வேண்டிய மூல செல்களே இவர்களின் தசையில் குறைவாக இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நரம்பை எவ்வளவு அழகாக வெட்டினாலும் குட்டையான தசை நீளாது. மூன்றாவது, டிஸ்டோனியா. மனநிலைக்கும் முயற்சிக்கும் ஏற்ப நிமிடத்துக்கு நிமிடம் மாறும் முறுக்கம் அது. அது மேலோங்கிய கைக்கு இந்த அறுவையை நம்பிப் போகக் கூடாது. திடீரென்று கூப்பிட்டால் கை ஏறுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் டிஸ்டோனியாவின் பங்கு உண்டா என்று ஒருவர் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

வீட்டிலேயே ஒன்று செய்யலாம். நிலா ஆழ்ந்து தூங்கும்போது முழங்கையை மெதுவாக, மிக மெதுவாக நீட்டிப் பாருங்கள். தூக்கத்தில் இறுக்கமும் முறுக்கமும் பெரும்பாலும் இளகிவிடும். அப்போதும் நீளாத அளவு எவ்வளவோ, அதில் பெரும்பங்கு தசைச் சுருக்கம். மருத்துவமனையில் இதையே இன்னும் துல்லியமாகச் செய்வார்கள். அந்த நரம்பைச் சில மணி நேரம் மரத்துப்போகச் செய்யும் ஊசி போட்டு, கை எவ்வளவு நீள்கிறது, எதிர்ப்பக்கத் தசைக்குத் தன்னிச்சையான வலு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்தச் சோதனையைச் செய்யாமல் அறுவைக்குத் தேதி கொடுத்தால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இறுக்கம் ஏன் திரும்புகிறது என்று கேட்டீர்கள். வெட்டாமல் விட்ட நரம்பிழைகள் சும்மா இருப்பதில்லை. பக்கவாட்டில் கிளைத்து, தாய் நரம்பை இழந்த தசை இழைகளைத் தத்தெடுத்துக்கொள்கின்றன. முதல் மாதங்களில் போன வலு திரும்புவது இதனால்தான். இறுக்கத்தில் ஒரு பகுதி திரும்புவதற்கும் இதையே காரணமாகச் சொல்கிறார்கள். குறைவாக வெட்டினால் சீக்கிரம் திரும்பும், அதிகமாக வெட்டினால் தசை செயலிழக்கும். 1910களில் ஜெர்மனியின் ஸ்டோஃபெல் இந்த வகை அறுவையைத் தொடங்கியதிலிருந்து எல்லோரும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தடுமாறியிருக்கிறார்கள். இத்தாலியின் புருனெல்லி 1983-இல் தசைக்கு அருகிலேயே போய் வெட்டும் முறையை எழுதினார். பாரிஸின் கரோலின் லெக்லெர்க் அதை இன்னும் நுணுக்கமாக்கி, ஒவ்வொரு சிறு கிளையையும் தசைக்குள் நுழையும் இடத்தில் தனித்தனியாகக் குறைக்கும் முறையைப் பரப்பினார். உங்களுக்குச் சொல்லியிருப்பது அந்த வழியில் வந்ததுதான்.

வெளியான ஆய்வுகளைப் பற்றி ஒன்று. அவை பெரும்பாலும் சிறிய குழுக்கள். ஒப்பிட்டுப் பார்க்க அறுவை செய்யாத இன்னொரு குழு இருக்காது. கவனித்த காலமும் சில ஆண்டுகள்தான். அந்தக் காலத்துக்குள் இறுக்கம் குறைந்தது என்பதில் அநேகமாக எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். குழந்தை அந்தக் கையைத் தினசரி வாழ்க்கையில் எவ்வளவு பயன்படுத்தியது என்பதில் முன்னேற்றம் அதைவிடக் குறைவாகவும் சீரற்றதாகவும் இருக்கிறது. இதற்கு அளவுகோலும் ஒரு காரணம். ஆஷ்வொர்த் அளவுகோல் என்பது நோயாளி தளர்ந்திருக்கும்போது வேறொருவர் கையை அசைத்துப் பார்த்து 0 முதல் 4 வரை மதிப்பெண் போடுவது. அதில் 3 என்பது 1 ஆகிவிட்டது என்றால் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அந்தக் குழந்தை பாட்டிலைத் திறக்கும்போது இடக்கை மேஜைக்கு மேலே வருகிறதா, கீழே இருக்கிறதா என்பது அந்த மதிப்பெண்ணில் இல்லை.

அறுவை நடந்தாலும் நடக்காவிட்டாலும், இரண்டு கையாலும் செய்யும் வேலைகளை அவளே தேர்ந்தெடுத்துத் திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சிக்குத்தான் ஆய்வுகளின் ஆதரவு வலுவாக இருக்கிறது. நாம் பிடித்து நீட்டிவிடும் பயிற்சியை மட்டும் நம்பியிருப்பதற்கு அந்த ஆதரவு இல்லை. இந்த அறுவைக்குப் பின் நாண் அறுவைபோல வாரக்கணக்கில் மாவுக்கட்டு தேவைப்படாது. சில நாட்களிலேயே பயிற்சியைத் தொடங்கலாம். அந்த முதல் மாதங்களுக்குத் தெரபிஸ்ட் யார், வாரத்துக்கு எத்தனை முறை என்பதை அறுவைத் தேதிக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.


கதிர் அம்மா எழுதியது:

வணக்கம். என் மகனுக்கு எட்டு வயதில் செய்தோம். இப்போது அவனுக்கு 19.

முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் கை அவ்வளவு அழகாக இருந்தது. பதின்மூன்று வயதில் அவன் சரசரவென்று உயர்ந்தான். அந்த ஒன்றரை ஆண்டில் முழங்கை மறுபடி மடங்க ஆரம்பித்தது. நரம்பு மறுபடி வளர்ந்துவிட்டது என்று நாங்களாகவே முடிவு கட்டி, கையை நீட்டி வைக்க இரவில் போடும் ஸ்பிளிண்டைக்கூட விட்டுவிட்டான் அவன், இனி என்ன பயன் என்று. இன்னொரு மருத்துவர் பார்த்துவிட்டு இறுக்கம் அதிகமில்லை, தசைதான் எலும்போடு சேர்ந்து வளரவில்லை என்றார். பைசெப்ஸ் நாணை நீட்டும் அறுவை செய்யவேண்டி வந்தது.

அப்போது எங்களுக்கு ஒரு பெரிய சங்கடம். முதல் அறுவையில் எந்தக் கிளையை எவ்வளவு வெட்டினார்கள் என்று இரண்டாவது மருத்துவர் கேட்டார். எங்களிடம் இருந்த டிஸ்சார்ஜ் தாளில் 'இடக்கை நரம்பு அறுவை, நலமாக வீடு திரும்பினார்' என்று ஒரே வரி. முதலில் செய்த மருத்துவமனையில் கேட்டால் பழைய கோப்பு இல்லை என்றார்கள். எந்தத் தசையில் வலு மிச்சம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள மறுபடியும் ஊசி குத்திச் சோதிக்க வேண்டியிருந்தது, என் பையன் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தான். இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆற மாட்டேன் என்கிறது. நிலா அப்பா, அறுவைக் குறிப்பின் முழு நகலை வாங்கிக்கொள்ளாமல் வீட்டுக்கு வராதீர்கள். தசையின் பெயர், கிளைகளின் எண்ணிக்கை, வெட்டிய பங்கு, எல்லாம் அதில் இருக்க வேண்டும்.

உங்கள் மகளுக்கு 12 என்றால் அவள் உயரும் காலம் இதுதான். இன்னும் வளர வேண்டியவளா, வளர்ந்து முடிக்கப் போகிறவளா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.


நிலா அப்பா எழுதியது:

மூவருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. மீனா அவர்கள் சொன்னபடி நேற்று இரவு தூங்கும்போது பார்த்தேன். முழங்கை கடைசி ஒரு சிறு பகுதியைத் தவிர நீண்டுவிட்டது. விரல்கள் முழுவதும் திறந்தன. மணிக்கட்டை நிமிர்த்தினால் மட்டும் விரல்கள் மடங்கிக்கொண்டன. மரத்துப்போகும் ஊசிச் சோதனையைப் பற்றி எங்களிடம் யாரும் பேசவே இல்லை. அடுத்த சந்திப்பில் அதுதான் முதல் கேள்வி.

இன்னொன்று. உறவினர் ஒருவர் சீனாவில் கண்டுபிடித்த ஓர் அறுவையைப் பற்றிச் செய்தி அனுப்பியிருக்கிறார். நல்ல கையின் நரம்பை எடுத்துக் கெட்ட கையில் இணைப்பதாம். முதுகுத்தண்டில் நரம்பு வேரை வெட்டும் அறுவையையும் இன்னொருவர் சொன்னார். இவற்றில் எது நிலாவுக்கு?

நிலாவும் இதையெல்லாம் படித்தாள். வலக்கைக்காரி அக்காவிடம் ஒரு கேள்வி கேட்கச் சொன்னாள்: 'அறுவை செய்தால் என் முடியை நானே ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிக்கொள்ள முடியுமா?'


மீனா (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) எழுதியது:

நல்ல கவனிப்பு. மணிக்கட்டை நிமிர்த்தும்போது விரல்கள் மடங்கினால், விரல் மடக்கும் தசைகள் குட்டையாகத் தொடங்கியிருக்கலாம். இதையும் சந்திப்பில் சொல்லுங்கள். மணிக்கட்டை மட்டும் நிமிர்த்திவிட்டு அதைக் கவனிக்காமல் விட்டால் நிலாவால் பொருளைப் பிடித்த கையைத் திறக்க முடியாமல் போகும். விரல் தசைகளுக்கு நரம்பைக் குறைப்பதிலும் தாராளம் கூடாது. அவளுக்கு இருக்கும் பிடியே அந்த இறுக்கத்தில் நிற்பதாக இருக்கலாம்.

முதுகுத்தண்டில் நரம்பு வேர்களைத் தேர்ந்து வெட்டும் அறுவை இடுப்புப் பகுதியில் செய்வது, கால்களுக்கானது. இரண்டு காலும் இறுகிய சிறு குழந்தைகளுக்குத்தான் பெரும்பாலும் செய்கிறார்கள். கை மட்டும் பிரச்சினையாக இருக்கும் நிலாவுக்கு அது பொருந்தாது. சீன அறுவையைப் பற்றி வலக்கைக்காரி நிறையப் படித்திருப்பதாக முன்பு எழுதியிருந்தார், அவரே சொல்லட்டும்.


வலக்கைக்காரி எழுதியது:

ஆமாம், படித்தேன். எனக்கும் ஆசை வந்தது.

அது ஷாங்காயின் ஹுவாஷான் மருத்துவமனையில் வளர்ந்த முறை. கழுத்திலிருந்து கைக்கு வரும் ஐந்து பெரிய நரம்பு வேர்களில் நடுவில் இருப்பது சி7. நல்ல பக்கத்து சி7-ஐ வெட்டி, கழுத்தின் குறுக்கே கொண்டுவந்து, பாதிக்கப்பட்ட பக்கத்து சி7-இன் கீழ்முனையோடு இணைக்கிறார்கள். மற்ற வேர்கள் ஈடுகட்டுவதால் நல்ல கை நிரந்தரமாக முடங்குவதில்லை. அந்த நம்பிக்கை, விபத்தில் நரம்பு வேர்கள் பிய்ந்துபோனவர்களுக்கு 1986 முதல் கூ யூதொங் செய்துவந்த அறுவைகளிலிருந்து வந்தது. பெருமூளை பாதிப்புள்ளவர்களுக்கு ஷூ வென்தொங் குழு செய்து, 2018-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியிட்டது. ஒரு கை ஐந்தாண்டுகளுக்கு மேல் இறுகிச் செயலிழந்த 36 பேர். பாதிப் பேருக்கு அறுவையும் பயிற்சியும், பாதிப் பேருக்குப் பயிற்சி மட்டும். 12 மாதம் கழித்து, 66 மதிப்பெண் கொண்ட கைச் செயல்பாட்டு அளவுகோலில் அறுவைக் குழு சராசரியாக 17.7 கூடியிருந்தது, மற்றக் குழு 2.6. சாதாரண விஷயமில்லை. பக்கவாதம் வந்த பெரியவர்களோடு பெருமூளை வாதமுள்ளவர்களும் அதில் இருந்தார்கள்.

என்னைத் தயங்க வைத்தவை இரண்டு. அந்த 36 பேரில் அறுவை நடந்தது 18 பேருக்குத்தான், கணக்கும் ஓராண்டோடு நிற்கிறது. நான் கேட்பது பத்தாண்டு. மற்றொன்று, அந்த அறுவை நல்ல பக்கத்து மூளையைக் கொண்டு கெட்ட கையை ஆட்டுவிக்கப் பார்க்கிறது. பிறவியிலேயே மூளை பாதிக்கப்பட்ட எங்களில் பலருக்கு அந்த ஏற்பாட்டை உடம்பு ஏற்கெனவே செய்துவைத்திருக்கிறது. நான் வலக்கையால் எழுதினால் இடக்கை விரல்களும் கூடவே அசையும். நிலாவுக்கும் அப்படி அசைகிறதா, பாருங்கள். பெரியவர்களுக்குக் கிடைத்த மதிப்பெண் அப்படியே எங்களுக்கும் கிடைக்கும் என்று நான் நம்பவில்லை. அதோடு, என்னிடம் நன்றாக இருப்பது ஒரே ஒரு கை. அதன் விரல்கள் சில மாதங்கள் மரத்துப்போனாலும் பரவாயில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நிலாவின் கை அந்த ஆய்வில் இருந்தவர்களின் கையைவிட நன்றாக இருக்கிறது என்று நீங்கள் எழுதியதிலிருந்து தோன்றுகிறது. அவ்வளவு பெரிய விலை கொடுக்க வேண்டிய கையா அது என்று யோசியுங்கள்.

நிலாக்குட்டி, இனி உனக்கு. உன் கேள்வி நல்ல கேள்வி. மருத்துவரிடமும் நீயே கேள்.

முடி கட்ட இடக்கை செய்யவேண்டிய வேலைகள் மூன்று. பிடரி வரை போக வேண்டும். முடியைச் சேர்த்துப் பிடிக்க வேண்டும். வலக்கை ரப்பர் பேண்டைச் சுற்றும்போது நழுவாமல் நிற்க வேண்டும். பிடரிக்குப் போவதற்குத் தோள் உயர வேண்டும்; முழங்கை மடங்கத்தான் வேண்டும், அது உனக்கு ஏற்கெனவே வரும். பிடிப்பதற்குக் கட்டைவிரல் உள்ளங்கையை விட்டு வெளியே வர வேண்டும். இப்போது சொல்லியிருக்கும் அறுவையில் முழங்கையும் முன்கையும் மணிக்கட்டும்தான் இருக்கின்றன, கட்டைவிரல் இல்லை. ஆகவே இந்த அறுவை மட்டும் செய்தால் முடி கட்ட வரும் என்று நான் சொன்னால் அது பொய். அப்பா கட்டைவிரலைப் பற்றியும் பேச வேண்டும். அதை மடக்கிப் பிடிக்கும் தசையைத் தளர்த்தலாம், வெளியே இழுக்கும் நாணுக்கு வலு சேர்க்கலாம், அதற்கென்றே வழிகள் உண்டு.

நான் கட்டும் விதத்தைச் சொல்கிறேன். தலையைப் பின்னால் சாய்த்து, சுவரில் பிடரியை அழுத்தி, முடியை வலக்கையால் சேர்க்கிறேன். இடது மணிக்கட்டில் ரப்பர் பேண்டை முன்பே மாட்டி வைத்திருப்பேன். முடியை அதற்குள் வலக்கையால் இழுத்து, ஒரு முறுக்கு, மறுபடி இழுப்பு. இடக்கை விரல்கள் எதையும் பிடிப்பதில்லை. மணிக்கட்டு நேராக நிற்கிறது, முன்கை பாதி திரும்புகிறது, அது போதும். நேர்த்தியாக வராது, இரண்டு பிசிறு வெளியே நிற்கும். கட்டியது நான்தான்.

மரத்துப்போகும் ஊசிச் சோதனை நடக்கும் நாளில் ஒரு ரப்பர் பேண்டைக் கையோடு எடுத்துக்கொண்டு போ. கை தளர்ந்திருக்கும் அந்தச் சில மணி நேரத்தில் தெரபிஸ்டை உட்கார வைத்துக்கொண்டு முயன்று பார். பிடி பலவீனமாக இருக்கும், பரவாயில்லை. மணிக்கட்டு நேராக நின்றால் உன்னால் எவ்வளவு தூரம் போக முடிகிறது என்று மருத்துவர் கண்ணாலேயே பார்க்கட்டும். அப்பா அதை வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளட்டும்.